ஒளி சென்ற வழி

கூடுவாஞ்சேரிக்குச் செல்வோர் பலவகையினர். வீட்டுமனை பார்க்கச் செல்வோர் உளர். மணமாகிச் சென்ற மகளைக் காணச் செல்வோர் உளர். அங்கிருந்து நாள்தோறும் சென்னைக்கு வந்து வேலை பார்த்துத் திரும்புவோரோ ஆயிரக்கணக்கினர். நாம் இன்று அங்குச் செல்வது ஒரு கேள்விக்கு விடை தேடி. ஒரு கண் மருத்துவரின் வாழ்நாள் பணியை எதைக் கொண்டு அளப்பது? அவர் பெற்ற பட்டங்களைக் கொண்டா? செய்த அறுவைகளின் எண்ணிக்கையைக் கொண்டா? அல்லது வேறோர் அளவுகோல் உண்டா?

இக்கேள்வியோடு நாம் வண்டி ஏற வேண்டிய இடம் எழும்பூர். அங்கிருந்து கூடுவாஞ்சேரி நாற்பது கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவே. செங்கற்பட்டுக்குச் செல்லும் மின்தொடர் வண்டி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நம்மைக் கொண்டு சேர்த்துவிடும். ஆயினும், எழும்பூர் மருத்துவமனையில் வளர்ந்த கலை, இத்தகைய ஊர்களில் ஒரு வீட்டின் மூலையில் அமர்ந்திருக்கும் ஏழை மூதாட்டியின் கண்களை எட்டுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. தொலைவு என்பது கிலோமீட்டர்க் கணக்கு மட்டும் அன்று என்பதை இப்பயணம் நமக்குக் கற்பிக்கும்.

எழும்பூரின் பழைய மருத்துவமனை

எழும்பூர் நிலையத்திற்கு அருகில் அரசினர் கண் மருத்துவமனை உள்ளது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக் காலத்தில், 1819-ஆம் ஆண்டு, இராயப்பேட்டையில் இது தொடங்கப்பெற்றது. இலண்டன் மாநகரின் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனைக்கு அடுத்தபடியாக, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனை இதுவே என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது எழும்பூருக்கு இடம் பெயர்ந்தது. கண் சிவந்து, பீளை கட்டி, வீட்டில் ஒருவருக்கு வந்தால் அனைவருக்கும் தொற்றும் நோயை ஊரெங்கும் ‘மெட்ராஸ் ஐ’ என்கிறோம் அன்றோ? அப்பெயரும் இம்மருத்துவமனையின் வரலாற்றோடு இணைத்தே பேசப்படுகிறது.

1904 முதல் 1914 வரை இங்குத் தலைமை மருத்துவராகப் பணியாற்றியவர் இராபர்ட் ஹென்றி எலியட் என்னும் ஆங்கிலேயர். கண்ணழுத்த நோய்க்கு அவர் வகுத்த துளையிடும் அறுவை உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்கிற்று. ஆனால் நம் கருத்துக்கு உரியது அவர் செய்த வேறொரு பணி. அக்காலத்தில் ஊர் ஊராகச் சுற்றிவந்த நாட்டு வைத்தியர்கள், புரை விழுந்த கண்ணில் கூரிய கருவியைச் செலுத்தி, மங்கிய வில்லையைக் கண்ணின் உட்புறத்தே தள்ளிவிடுவர். இது மிகப் பழைய முறை. சுசுருதரின் மருத்துவ நூலிலேயே கூறப்பட்டுள்ளது. செய்த அந்நொடியில் நோயாளிக்கு வெளிச்சம் தெரியும். அவர் மகிழ்ந்து கூலியைக் கொடுப்பார். வைத்தியர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். சில நாள்களிலோ வாரங்களிலோ சீழ் பிடித்து, அல்லது அழுத்தம் மிகுந்து, பல கண்கள் முற்றிலும் கெட்டுப்போகும். அவ்வாறு கெட்ட கண்களோடு எழும்பூருக்கு வந்தவர்களை எலியட் ஆராய்ந்தார். 1917-ஆம் ஆண்டு இலண்டன் அறுவை மருத்துவர் கல்லூரியில் இதைப் பற்றிச் சொற்பொழிவும் ஆற்றினார்.

இங்கு நாம் நின்று சிந்திக்க வேண்டும். அருகில் நல்ல மருத்துவமனை இருந்தும் மக்கள் ஏன் நாட்டு வைத்தியரிடம் சென்றனர்? அறியாமையினால் என்று கூறிவிடுவது எளிது. உண்மை வேறு. நாட்டு வைத்தியர் அவர்களுடைய திண்ணைக்கே வந்தார். அவர்களுடைய மொழியிலேயே பேசினார். மருத்துவமனையோ எழும்பூரிலேயே இருந்தது.

புரை என்பது யாது?

வண்டி மாம்பலத்தையும் கிண்டியையும் கடந்து செல்லட்டும். அதற்குள் இந்நோயைச் சற்றே அறிந்துகொள்வோம். நம் கண்ணின் பாவைக்குப் பின்புறம், பயறு வடிவில், பளிங்கு போன்ற ஒரு வில்லை அமைந்துள்ளது. ஒளியைக் குவித்து உட்புறத் திரையில் விழச் செய்வது இதன் வேலை. வயது ஏற ஏற, இவ்வில்லையில் உள்ள புரதங்கள் திரண்டு மங்குகின்றன. தலைமுடிக்கு நரை எவ்வாறோ, கண்ணின் வில்லைக்குப் புரை அவ்வாறே. சருக்கரை நோய், புகைப்பழக்கம், கண்ணில் பட்ட அடி, நெடுங்காலம் உட்கொள்ளும் ஸ்டீராய்டு மருந்துகள் ஆகியவை இதனை விரைவுபடுத்தும். சொட்டு மருந்தாலோ, மூலிகைச் சாற்றாலோ, உணவு மாற்றத்தாலோ இது கரைவதில்லை. மங்கிய வில்லையை அகற்றுவதொன்றே வழி.

வில்லையை வெளியே எடுக்கும் முறையை 1747-இல் பிரெஞ்சு மருத்துவர் ஜாக் தாவியேல் தொடங்கிவைத்தார். அதன் பிறகும் நெடுங்காலம் இவ்வறுவை எளிதாயில்லை. கண்ணை அகலத் திறந்து வில்லையை எடுத்தபின், நோயாளி பல நாள் தலையை அசைக்காமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். பின்னர், இழந்த வில்லைக்கு ஈடாகத் தடித்த மூக்குக்கண்ணாடி ஒன்று தருவர். ‘சோடாபுட்டிக் கண்ணாடி’ என்று சிறுவர்கள் கேலி செய்த அக்கண்ணாடியை நம்மில் பலர் பாட்டன் பாட்டியரின் முகத்தில் கண்டிருக்கிறோம். அதன் வழியே பார்த்தால் பொருள்கள் பெரிதாகவும் அருகில் இருப்பனபோலவும் தோன்றும். படியில் கால் வைத்தால் தடுமாறும். பக்கவாட்டில் வருவது தெரியாது. அது உடைந்துபோனாலோ, மறுபடியும் இருள்தான். புதிய கண்ணாடி வாங்க வழியற்ற ஏழைக்கு அறுவையின் பயன் அன்றோடு முடிந்தது.

தாம்பரத்தில் ஒரு நினைவு

பரங்கிமலை, பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம் என நிலையங்கள் ஒவ்வொன்றாய்ப் பின்செல்ல, வண்டி தாம்பரம் வந்தடைகிறது. இங்கே இந்திய வான்படையின் தளம் உள்ளது. வான்படைக்கும் கண்புரைக்கும் என்ன உறவு என்று வாசகர் வியக்கலாம். உறவு உண்டு.

இரண்டாம் உலகப் போரின்போது, சுடப்பட்ட விமானங்களின் மேற்கூடு நொறுங்கி, அதன் நெகிழித் துணுக்குகள் ஆங்கிலேய விமானிகள் சிலரின் கண்களில் பாய்ந்தன. அவர்களுக்குச் சிகிச்சை செய்த இலண்டன் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி ஓர் உண்மையைக் கவனித்தார். கண்ணாடித் துண்டைப்போல் இத்துணுக்குகள் கண்ணைப் புண்ணாக்கவில்லை; உள்ளே அமைதியாகத் தங்கின. அவ்வாறாயின், இதே பொருளால் ஒரு வில்லை செய்து, புரை வில்லை இருந்த இடத்திலேயே பொருத்தினால் என்ன? 1949 நவம்பர் 29-ஆம் நாள், இலண்டன் புனித தோமையார் மருத்துவமனையில் அவர் அதனைச் செய்து காட்டினார். உடன்பணியாளர் பலர் அவரை நெடுங்காலம் எள்ளினர். கண்ணுக்குள் அந்நியப் பொருளை வைப்பதா என்று சினந்தனர். இன்று உலகெங்கும் கோடிக்கணக்கான கண்களில் இவ்வில்லை அமர்ந்துள்ளது. 1967-இல் நியூயார்க் மருத்துவர் சார்லஸ் கெல்மன், பல் மருத்துவரின் கருவியைக் கண்டு கருத்துக் கொண்டு, ஒலியதிர்வால் புரையை உள்ளேயே நொறுக்கி உறிஞ்சும் முறையை அமைத்தார். இதனால் அகன்ற வெட்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிற்று. தையலும் வேண்டாததாயிற்று.

இதனால் விளைந்த மற்றொரு நன்மையும் உண்டு. கண்ணின் நீளத்தை முன்னரே அளந்து, அவரவர் கண்ணுக்கு ஏற்ற ஆற்றலுள்ள வில்லையைத் தேர்ந்து வைக்கின்றனர். இளமை முதல் கிட்டப்பார்வையால் வருந்தியவருக்கு அக்குறையும் இதே அறுவையில் பெரும்பாலும் சீராகிவிடுகிறது. புரை அறுவையே பார்வைத் திருத்தமாகவும் ஆனது இவ்வாறுதான். இளைஞர் செய்துகொள்ளும் லேசர் திருத்தம் வேறு. அது கருவிழியின் வளைவை மாற்றுவது. அதனைச் செய்துகொண்டோர்க்கும் முதுமையில் புரை வரும். அப்போது லேசர் செய்ததை மருத்துவரிடம் தவறாது கூற வேண்டும். கூறாவிடில் வில்லையின் ஆற்றலைக் கணக்கிடுவதில் பிழை நேரும்.

தண்டவாளம் மதுரைக்கும் செல்கிறது

தாம்பரத்தைத் தாண்டி வண்டி பெருங்களத்தூரையும் வண்டலூரையும் நோக்கி ஓடுகிறது. இத்தண்டவாளம் கூடுவாஞ்சேரியோடு நின்றுவிடுவதன்று; தெற்கே மதுரைக்கும் செல்வது. எழும்பூரில் கற்ற ஒருவர் அக்கலையை மதுரைக்கு எடுத்துச் சென்று, நாம் மேலே கண்ட தொலைவை வென்றார். அவரை அறியாமல் நம் கேள்விக்கு விடை கிடைக்காது.

கோவிந்தப்பா வெங்கடசாமி 1918 அக்டோபர் முதல் நாள், எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரம் என்னும் சிற்றூரில் வேளாண் குடும்பத்தில் பிறந்தார். அவ்வூரில் மருத்துவர் இல்லை. அவருடைய உறவுப் பெண்கள் மூவர் பேறுகாலத்தில் இறந்ததைச் சிறுவனாக இருந்தபோதே கண்டார். பேறுகால மருத்துவராக வேண்டும் என்னும் வேட்கை அன்றே அவர் நெஞ்சில் வேரூன்றியது. 1944-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றுப் படையில் மருத்துவராகச் சேர்ந்தார். அங்கேதான் முடக்குவாதம் அவரைப் பற்றியது. பல மாதம் படுக்கையிலேயே கிடந்தார். விரல்கள் கோணி இறுகின. 1948-இல் படையினின்று விடுவிக்கப்பட்டார். அக்கைகளால் மகப்பேறு மருத்துவம் பார்க்க இயலாது என்று ஆயிற்று.

வேறொருவராயின் அத்தோடு மருத்துவத் தொழிலையே விட்டிருப்பர். அவரோ எழும்பூர் கண் மருத்துவமனையில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்து, 1951-இல் கண் மருத்துவத்தில் பட்டம் பெற்றார். கண் அறுவையோ உடலின் மிக நுண்ணிய பகுதியில் செய்வது. அவர் விரல்களோ பேனாவைப் பிடிக்கவும் தடுமாறியவை. தம் கைக்கேற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு, சிறிது சிறிதாகப் பழகி, அவ்விரல்களாலேயே ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவைகளை அவர் தம் வாழ்நாளில் செய்தார்! 1956 முதல் இருபது ஆண்டுகள் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக விளங்கினார். ஊர்களுக்கே சென்று கண் முகாம்கள் நடத்தினார். மதுரையில் இருந்தபடியே நோயாளிக்குக் காத்திருந்தால், பார்வையற்றவர் வரமாட்டார் என்பதை அவர் உணர்ந்திருந்தார். வழி தெரியாதவரை வழி தேடி வா என்பது எவ்வாறு பொருந்தும்?

1976-இல், 58-ஆம் வயதில், அரசுப் பணியினின்று ஓய்வு பெற்றார். ஓய்வூதியத்தோடு அமைதியாக இருந்திருக்கலாம். ஆனால் அதே ஆண்டில் மதுரையில் ஒரு வீட்டில், பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். உடன்பிறந்தாரும் அவர்தம் துணைவரும் தோள் கொடுத்தனர். குடும்பத்தார் தம் உடைமைகளை அடகு வைத்தனர். கட்டணம் செலுத்த இயன்றவர் செலுத்தினர். அவ்வருவாயைக் கொண்டே இயலாதவர்க்கு இலவச அறுவை நடந்தது. இருவர்க்கும் மருத்துவர் ஒருவரே, முறையும் ஒன்றே.

அமெரிக்க நாட்டின் மெக்டொனால்ட்ஸ் உணவகங்கள் எந்த ஊரிலும் ஒரே தரத்தில், குறைந்த விலையில் உணவு தருவதை அவர் கண்டார். அவ்வொழுங்கு கண் மருத்துவத்துக்கு ஏன் இயலாது என்று எண்ணினார். அறுவைக் கூடத்தில் இரு மேசைகளை அருகருகே இட்டார். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே மறு மேசையில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார். சிற்றூர்களிலிருந்து வந்த இளம்பெண்கள் பயிற்சி பெற்று, மருத்துவரின் நேரம் ஒரு நிமிடமும் வீணாகாமல் காத்தனர். வெளிநாட்டு வில்லை நூறு டாலர் அளவுக்கு விற்ற காலத்தில், 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் என்னும் தொழிற்கூடம் தொடங்கப்பெற்றது; வில்லையின் விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கிற்று. ரிட்லியின் வில்லை ஏழையின் கண்ணுக்கு வந்து சேர்ந்தது இவ்வாறே. 2006 சூலை 7-ஆம் நாள் மருத்துவர் வெங்கடசாமி இயற்கை எய்தினார்.

இவ்வரலாற்றில் மறைக்கக் கூடாத ஒரு பாடமும் உண்டு. முகாம் என்றால் எல்லாம் நன்மை என்று எண்ணிவிடலாகாது. 2008-ஆம் ஆண்டு நம் மாநிலத்தில் நடந்த ஒரு முகாமின் வழியாக அறுவை செய்துகொண்டோருள் பலர் தொற்றினால் பார்வை இழந்தனர். விரைவும் எண்ணிக்கையும் பெருமையல்ல. தூய்மை குன்றினால் அவையே கேடாகும். ஆதலால் முகாம்களில் பரிசோதனை மட்டும் செய்து, அறுவைக்கு உரியவரை முறையான மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, மீண்டும் ஊரில் கொண்டுவந்து விடுவதே சரியான முறை.

கூடுவாஞ்சேரியில்

ஊரப்பாக்கத்திற்கு அடுத்து வருவது கூடுவாஞ்சேரி. நந்திவரமும் கூடுவாஞ்சேரியும் இணைந்து இன்று ஒரு நகராட்சி. ஒருபுறம் ஜி.எஸ்.டி. சாலையின் ஓயாத இரைச்சல். மறுபுறம் நந்திவரம் ஏரியின் நீர்ப்பரப்பு. வயல்களாக இருந்த இடங்களில் இன்று தெருக்கள் எழுந்துள்ளன. தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாவட்டங்களிலிருந்தும் வேலைக்காக வந்தவர்கள் இங்கே வீடு கட்டிக் குடியேறினர். ஊரில் தனித்திருந்த பெற்றோரையும் பின்னர் அழைத்து வந்தனர். ஆதலால் இவ்வூரின் பல வீடுகளில் முதியவர் ஒருவர் இருக்கிறார். தெரியாத ஊர், தெரியாத தெரு, பேச்சுக்குத் துணையற்ற பகற்பொழுது. இவற்றோடு பார்வையும் மங்கினால் அவர் நிலை என்ன?

நிலைய வாயிலில் கறுப்புக் கண்ணாடி அணிந்த மூதாட்டி ஒருவர், மருமகளின் தோளைப் பற்றி நின்றுகொண்டிருந்தார். மருமகளின் இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை.

“கண் அறுவை செய்துகொண்டீர்களா, அம்மா?” என்று வினவினோம்.

“ஆமாங்கய்யா, எட்டு நாளாச்சு. இவன் மூக்கு எங்க வீட்டுக்காரர் மூக்குன்னு எல்லாரும் சொல்லுவாங்க. இப்பத்தான் நானே பார்த்தேன்” என்று குழந்தையின் முகத்தைத் தொட்டுக் காட்டினார்.

“இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?”

“பிள்ளை வீட்டுக் கடனே கழுத்தை நெரிக்குது. அதுல நான் வேறயா? வயசானா இப்படித்தான்னு இருந்துட்டேன்.”

மருமகள் தலைகுனிந்து கூறினார்: “அத்தை ஒரு வார்த்தை சொல்லலைங்க. அரிசியில கல்லை விட்டுட்டாங்கன்னு நான்தான் ரெண்டு மூணு தரம் கோபப்பட்டுட்டேன். கண்ணு தெரியலைன்னு எனக்குத் தோணவே இல்லை.”

நாம் தேடிவந்த விடையின் ஒரு பாதி இங்கே கிடைத்தது. எழும்பூர் மருத்துவமனை இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ அதைவிட அருகில். அரசு மருத்துவமனைகளில் அறுவையும் வில்லையும் கட்டணமின்றியே கிடைக்கின்றன. அவ்வாறிருந்தும் ஒரே கூரையின் கீழ் வாழும் இருவருக்கிடையே இருந்த தொலைவு, தண்டவாளத்தின் நீளத்தைவிட மிகுதியாக இருந்தது.

இஃது ஒரு வீட்டின் கதையன்று. தென்தமிழகச் சிற்றூர்களில் நடந்து 1999-இல் வெளியான ஆய்வொன்று, கண்ணில் குறையுள்ள முதியவருள் நூற்றுக்கு ஏழு பேரளவே ஊருக்கு வந்த முகாமுக்குச் சென்றனர் என்று கண்டது. மற்றவர் அச்சத்தாலும், செலவை எண்ணியும், உடன்வர ஆளில்லாமலும் வீட்டிலேயே இருந்துவிட்டனர். நம் நாட்டில் பார்வையின்மைத் தடுப்புத் திட்டம் தொடங்கியதும் 1976-ஆம் ஆண்டே. அதற்குப் பின் நிலைமை பெரிதும் சீர்பட்டுள்ளது. ஆயினும், 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், ஐம்பது வயது கடந்தோரின் பார்வையின்மையில் 66 விழுக்காட்டுக்குக் காரணம் இன்னமும் கண்புரையே என்று தெரியவந்தது. மருந்தில்லாத நோய்களால் இருளில் வாழ்வோரை எண்ணி வருந்துகிறோம். அரை மணி நேரத்திற்குள் தீரக்கூடிய நோயால் இருளில் வாழ்வோரை எண்ணி என்ன செய்வது?

நம் இல்லத்தில்

விவிலியத்தில் தோபித்தின் கண்களை மறைத்த வெண்படலத்தை நாம் அறிவோம். அதை நீக்கும் மருந்தைச் சுமந்து நெடுவழி நடந்து வந்தவன் அவருடைய மகன் தோபியாவே. மருத்துவம் எவ்வளவு வளர்ந்தாலும், இல்லத்தார் ஒருவர் கைப்பிடித்து நடத்தும் அவ்விறுதி வழி மட்டும் என்றும் மாறாது.

ஆதலால் வாசகர்கள் தம் இல்லத்து முதியவரைச் சற்றே கூர்ந்து நோக்க வேண்டும். சுவரைத் தடவி நடக்கிறாரா? எதிர்வரும் விளக்கு கண்ணைக் கூசுகிறது என்கிறாரா? காப்பியைச் சிந்துகிறாரா? ஊசியில் நூல் கோப்பதை விட்டுவிட்டாரா? அடிக்கடி மூக்குக்கண்ணாடியின் ஆற்றல் மாறுகிறதா? இவை அவருடைய கவனக்குறைவு அல்ல. கண் அனுப்பும் செய்தி. புரை நன்றாக ‘முற்றட்டும்’ என்று காத்திருக்கும் பழைய வழக்கமும் இன்று வேண்டியதில்லை. மிகவும் முற்றிய புரை அறுவைக்குக் கடினமாவதோடு, சிலருக்குக் கண்ணழுத்தத்தையும் உண்டாக்கும். சருக்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்துக்கொண்டு சென்றால் போதும். அறுவைக்குப் பின் கண்ணைத் தேய்க்காமலும், அழுக்கு நீர் படாமலும், சொட்டு மருந்தை வேளை தவறாமலும் காப்பது இல்லத்தாரின் கடமை. கண் சிவந்து வலித்தாலோ, பார்வை திடீரெனக் குறைந்தாலோ, அன்றே மருத்துவரிடம் விரைய வேண்டும்.

மீதிப் பாதி விடையையும் இப்போது கூறிவிடலாம். கண் மருத்துவரின் பணியை அளக்கும் கோல் அவர் கையிலுள்ள கத்தியன்று; அவர் கடந்த தொலைவு. எழும்பூரில் எலியட் ஆராய்ந்தார். இலண்டனில் ரிட்லி வில்லை தந்தார். கோணிய விரல்களோடு வெங்கடசாமி அதனை ஏழையின் வாயில்வரை கொண்டு வந்தார். வாயிலிலிருந்து கட்டில்வரை உள்ள பத்தடி தொலைவை எந்த மருத்துவரும் கடக்க இயலாது. அது நாம் கடக்க வேண்டியது. இன்று மாலை, பாட்டியின் அருகில் அமர்ந்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் சுவரிலுள்ள நாட்காட்டியைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள்.